கை தூக்கிய மனிதன்

விபூதிப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, பக்கவாட்டில் ஒரு ரோஜாவைச் செருகிய பிறகுதான் அந்த மருத்துவமனையில் நேத்ராவை ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். உள்ளே போகுமுன் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுவார்கள், அது வேறு விஷயம். நேத்ரா சாமி அல்ல. எலும்பில் ஸ்க்ரூ போடத் துளை போடுகிற இயந்திரம். சாமியையாவது கோபம் வந்தால் நாலு வார்த்தை திட்டலாம். நேத்ராவைத் திட்டினால் வேலை போய்விடும். அதனால் மயக்க மருந்து டாக்டர் செண்பகவல்லி அதை முகமூடிக்குப் பின்னால் சத்தமில்லாமல் திட்டுவாள், தினமும்.

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடம் அது. கையால் எலும்பைத் துளைப்பது காட்டுமிராண்டித்தனம் என்று கைவிட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கைத்துளைப்பான் ஒன்றை வைத்து, கீழே 'இருண்ட காலம்' என்று எழுதியிருந்தார்கள். அதற்கு எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு பித்தளை மனிதன், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி. நேத்ராவின் சின்னம் அவன். நேத்ராவின் திரை மூலையிலும் அதே ஆள் குட்டியாக இருப்பான். வெற்றி பெற்ற மனிதன் என்று விளக்கம் சொன்னார்கள். செண்பகவல்லிக்கு அவன் போலீஸிடம் மாட்டிக்கொண்டவன் போலத்தான் தெரிந்தான்.

நேத்ராவுக்குத் தோலுக்கு அடியில் பார்வை உண்டு என்பது விளம்பரம். உண்மையில் அது பார்ப்பது உடைந்த எலும்பை மட்டும்தான். ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்பதைத் தன் நினைவிலுள்ள பத்து லட்சம் உடம்புகளிலிருந்து கணித்துத் திரையில் வரைந்துவிடும். எந்தத் திசையில் துளைப்பது, எவ்வளவு ஆழம் என்பதையும் அதுவே முடிவு செய்யும். திரையின் ஓரம் பச்சையானால் டாக்டர் காலடியில் இருக்கும் மிதியை அழுத்த வேண்டியதுதான். பதினைந்து வருடம் படித்துவிட்டு வந்தவர்கள் தையல் மெஷின் மிதிப்பது போல் மிதித்துவிட்டுப் போனார்கள்.

பச்சையில் நடந்தது எதுவும் யாருடைய தவறும் ஆகாது என்பது விதி. அந்த விதியை எழுதிய தரக்குழுவின் தலைவர் கனகசபாபதி. நேத்ராவைச் செய்து விற்பவரும் கனகசபாபதி. மருத்துவமனையும் அவருடையது. இது யாருக்கும் உறுத்தவில்லை.

சரி, பச்சையிலேயே ரத்தம் கொட்டினால்? அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள். 'உடற்கூறு மாறுபாடு.' கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் காறை எலும்பையும் நேத்ராவிடம் விட்ட இரண்டு வருடத்தில், பல ஊர்களிலும் அந்த ஆபரேஷனில் பதினாறு பேருக்கு அடியிலிருந்த பெரிய சிரை கிழிந்திருந்தது. ஐந்து பேர் பிழைக்கவில்லை. குடும்பத்தாரை ஏசி அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, "உங்க அப்பாவுக்கு ரத்தக்குழாய் இடம் மாறி இருந்திருக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். செத்தவர் மேலேயே பழி. பிழைத்தவர்களுக்கு, வேலைக்குப் போகிற இடமெல்லாம் காட்ட வேண்டிய உடல்நல அட்டையில் அந்த இரண்டு வார்த்தை ஏறிவிடும். அதற்கப்புறம் பஸ், லாரி ஓட்ட முடியாது, உயரத்தில் ஏறி வேலை செய்ய முடியாது. அவர்களுடைய ரத்தக்குழாய் எந்த நேரமும் தன் இஷ்டத்துக்கு எதையாவது செய்துவிடுமாம்.

அன்று காலை பட்டியலில் முதலாவதாக இருந்தவள் மோகனப்பிரியா. முப்பத்தெட்டு வயது. காந்திபுரம் சூலூர் டவுன் பஸ்ஸின் ஓட்டுநர். டிப்போவில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி விழுந்து, வலது காறை எலும்பு கழுத்துக்குப் பக்கமாக இரண்டாக உடைந்திருந்தது. உள்ளே போவதற்கு முன் செண்பகவல்லி நாடி பார்த்தபோது அவள் தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏனுங்க மேடம், எத்தனை நாள்ல ஸ்டியரிங் பிடிக்கலாமுங்க?"

"மூணு மாசம் ஆகும்மா."

"மூணு மாசம் போனாப் போகுதுங்க. அதுக்கப்பறம் விட்ருவாங்கல்ல? பதினோரு வருசம் கண்டக்டரா விசிலடிச்சுட்டு, ரெண்டு வருசமாத்தானுங்க அந்த சீட்டுல உக்கார்றேன். எங்க டிப்போல பொம்பள டிரைவர் நான் ஒருத்திதான். எப்படா எறங்குவான்னு பாத்துட்டே இருக்கானுங்க."

"யாரும் இறக்க மாட்டாங்க. நான் இருக்கேன்" என்றாள் செண்பகவல்லி. நோயாளிகளிடம் வாக்குக் கொடுக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்று எப்படியோ வந்துவிட்டது.

தியேட்டரில் டாக்டர் சிபி தோலைத் திறந்து எலும்பை ஒன்றுசேர்த்துப் பிளேட்டைப் பொருத்தியிருந்தான். சிபிக்கு நாற்பத்தொரு வயது. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும் என்பது அவனைப் பற்றிச் செண்பகவல்லியின் கருத்து. அவன் ஒதுங்கிக்கொள்ள, நேத்ரா தன் கையை நீட்டி எலும்பைப் பார்த்து, படம் வரைந்தது. நீலக் குழாய் எலும்புக்குப் பின்னால், ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி ஓடியது. மேலிருந்து கீழாக ஆறு துளை என்று தீர்மானித்தது. ஓரம் பச்சையானது. சிபி காலைத் தூக்கி மிதிக்கு மேல் கொண்டுபோனான்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றாள் செண்பகவல்லி, நோயாளியின் தலைமாட்டிலிருந்து. "அந்தக் குழாய் அங்க இல்ல."

"எந்தக் குழாய் மேடம்?"

"நீலமா காட்டுதே, அதுதான். அது பின்னால தள்ளி இல்ல. இந்த இடத்துல எலும்புக்கு அடியிலயே ஒட்டிக்கிட்டுப் போகும். உங்க முதல் ரெண்டு துளையும் நேரா அதுலதான் இறங்கும்."

சிபி திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான். "பச்சை மேடம்."

"பச்சை இருக்கட்டும். நான் இருபத்திரண்டு வருஷமா அந்தக் குழாயைத் தேடிப் பிடிச்சு ஊசி போடறவ. கையில சிரை கிடைக்காதவங்களுக்குக் காறை எலும்புக்குக் கீழ ஊசியை விட்டு அதைத்தானே பிடிப்போம்? நீங்க எதைத் தொடக்கூடாதுன்னு பயப்படறீங்களோ, அதைத் தொடறதுதான் என் வேலை. கையை உடம்போட ஒட்டி வச்சு, தோளைக் கீழ இறக்கினா, எலும்பு அது மேலயே வந்து படுத்துக்கும். இவங்க கை இப்ப எங்க இருக்கு?"

மோகனாவின் வலது கை உடம்போடு ஒட்டித்தான் கிடந்தது.

"கிழிஞ்சாலும் தைச்சுடலாமே மேடம்" என்றான் சிபி, குரலில் சுரத்தில்லாமல்.

"எங்க தைப்பீங்க? மத்த சிரை கிழிஞ்சா சுருங்கும். இது சுத்தியும் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கறதால வாயைப் பிளந்துகிட்டே நிக்கும். ரத்தம் வெளிய வரும், காத்து உள்ள போகும். விரலை வச்சு அமுக்கலாம்னா முன்னால எலும்பு நிக்குது. பதினாறு பேர் ஆச்சு டாக்டர்."

"அவங்களுக்கெல்லாம் மாறுபாடு மேடம்."

"பதினாறு பேருக்கும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி மாறுபாடு! அப்படின்னா மாறிப்போனது யாரு? அவங்களா, உங்க படமா?"

நரம்பைப் பார்த்து மரத்துப்போக ஊசி போடுவதற்காக அவள் வைத்திருந்த சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியைச் சுத்தமான உறையில் போட்டு, தியேட்டர் நர்ஸ் சிஸ்டர் ரெஜினா மூலமாகச் சிபியின் கையில் திணித்தாள். எலும்புக்கு நேர் பின்னால் அதில் தெரியாது, எலும்பின் நிழல் விழும். கீழ்விளிம்பிலிருந்து சாய்த்துப் பார்க்கச் சொன்னாள். சிபி சாய்த்தான். கறுப்பாக, மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கியபடி, சிரை எலும்பின் அடியில் கிடந்தது. நாலு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை.

அடுத்தடுத்து இரண்டு திரைகள். ஒன்றில் உயிருள்ள குழாய். இன்னொன்றில், ஒரு கட்டைவிரல் தள்ளி, நீலமாக வரைந்த குழாய். அதைச் சுற்றிலும் பச்சை.

"பத்து லட்சம் உடம்பு மேடம்" என்றான் சிபி. "பத்து லட்சமுமா தப்பு?"

"எங்க எடுத்த உடம்பு அதெல்லாம்?"

"இலவச நெஞ்சு ஸ்கேன் முகாம்ல. ஊர் ஊரா லாரியில வச்சு எடுத்தாங்களே."

செண்பகவல்லிக்கு அந்த முகாம்கள் ஞாபகம் இருந்தன. பல்லடத்தில் ஒரு வாரம் அவள் டியூட்டி பார்த்திருக்கிறாள். லாரிக்குள் ஒரு ஒலிபெருக்கி காலையிலிருந்து மாலை வரை ஒரே குரலில் சொல்லிக்கொண்டே இருக்கும். கையைத் தலைக்கு மேல தூக்குங்க. மூச்சை இழுங்க. பிடிங்க. கை கீழே இருந்தால் நெஞ்சுப் படம் தெளிவாக விழாது. அதனால் எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் படுக்க வேண்டும். அவள் பார்வை மெதுவாக நேத்ராவின் திரை மூலைக்குப் போனது. குட்டி மனிதன் அங்கே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டிருந்தான்.

"டாக்டர், அந்த ஆளைப் பாருங்க. அவன் ஒண்ணும் ஜெயிக்கல. ஸ்கேன்ல படுத்திருக்கான்."

சிபிக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. கையைத் தூக்கினால் காறை எலும்பும் மேலே எழும்பிப் பின்பக்கமாக உருளும். அப்போது எலும்பும் குழாயும் ஒன்றுக்கொன்று நிற்கிற நிலையே வேறு. பத்து லட்சம் பேரும் எலும்பு உடையாதவர்கள், ஜோராகக் கையைத் தூக்கிப் படுத்தவர்கள். காறை எலும்பு உடைந்தவனால் கையைத் தூக்கவா முடியும்? அந்தப் படத்தைச் செய்தவர்களில் யாரோ ஒருவன் நேர்மையாக, 'இது கை தூக்கிய நிலையில் எடுத்தது' என்பதற்கு அடையாளமாக மூலையில் ஒரு மனிதனை வரைந்து வைத்திருக்கிறான். கனகசபாபதி அதைப் பார்த்து, லட்சணமாக இருக்கிறதே என்று சின்னமாக்கி, விசிட்டிங் கார்டில் அச்சடித்து, சிலையும் வைத்துவிட்டார். எச்சரிக்கைப் பலகைக்குப் பொட்டு வைத்து எட்டு வருடமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கை கீழ இருக்குன்னு அதுக்குச் சொல்லுங்க" என்றாள் செண்பகவல்லி.

"அதுகிட்ட சொல்றதுக்குப் பட்டன் கிடையாது மேடம். மிதிக்கிறதுக்கு மட்டும்தான்."

"அப்ப கீழ இருக்கற பழசை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

சிபி நேத்ராவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் அவள் அவனை என்னென்னவோ திட்டினாள், எல்லாம் முகமூடிக்குள். கடைசியில் அவன் காலை மிதியிலிருந்து எடுத்துப் பின்னால் வைத்தான். சிஸ்டர் ரெஜினா ஓடிப்போய் வரவேற்பறையில் கண்ணாடியைத் திறந்து 'இருண்ட கால'த்தை எடுத்துவந்து, தேய்த்துக் கழுவி, ஆவியில் வைத்துச் சுத்தம் செய்து கொடுத்தாள். எட்டு வருடம் கழித்துச் சிபி அதைக் கையில் எடுத்தான். எலும்புக்கு அடியில், சிரைக்குக் காவலாக, ஒரு தட்டையான இரும்புத் தகட்டைச் செருகிக்கொண்டு, சிரையை விட்டு விலகிய சாய்வில், துளைப்பானை நூல் நூலாகச் சுற்றினான். எலும்பின் மறுபக்கம் விட்டுக்கொடுப்பது விரலில் தெரிந்ததும் நிறுத்தினான். ஆறு துளை, ஆறு ஸ்க்ரூ. ஒரு சொட்டு அதிகமாகக் கசியவில்லை.

முடித்ததும் நேத்ரா கேள்வி கேட்டது. பச்சை மீறப்பட்டது, காரணம் என்ன? இரண்டு கட்டங்கள் இருந்தன. 'உடலில் மாறுபாடு', 'படத்தில் பிழை'. இரண்டாவது கட்டத்தை யாராலும் தொட முடியாது. அதற்குத் தரக்குழுத் தலைவரின் கையெழுத்து வேண்டும். பத்து விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு நேத்ராவே முதல் கட்டத்தை நிரப்பிக்கொண்டது. மயக்கம் தெளியுமுன் மோகனப்பிரியாவின் அட்டையில் மாறுபாடு ஏறிவிட்டது. பதினேழாவது ஆள்.

அடுத்த வாரம் விசாரணை. கனகசபாபதி முகத்தில் சிரிப்பு மாறாமல் கேட்டுக்கொண்டார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. மனிதர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"டாக்டரம்மா சொல்றது வாஸ்தவமாவே இருக்கட்டுங். ஆனா ஒரு எடத்துல 'படத்தில் பிழை'ன்னு போட்டம்னா, அதே மாதிரி இருக்கற பதினேழுக்கும் தானா மாறிக்கும். மிஷினை அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கு. அப்பறம் செத்துப்போன அஞ்சு பேருக்கு யாருங்க பதில் சொல்றது?"

"நீங்கதான் சார்."

"அட, தமாஷ் பண்ணாதீங்க" என்று அவர் மனதாரச் சிரித்தார். "ஒரு பொம்பள பஸ் ஓட்டறதுக்காக எட்டு வருச வேலையைக் குப்பையில போடச் சொல்றீங்களா? சின்னத்தைப் பத்தி வேற என்னமோ சொன்னீங்களாம். கையைத் தூக்கி நிக்கறவன் ஜெயிச்சவன்தானுங்க."

"நிக்கல சார். படுத்திருக்கான்."

பக்கத்து நாற்காலியில் சிபி தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அவன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? செண்பகவல்லிக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மயக்க மருந்துக்கு ஆள் கிடைக்காத காலம், அதனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. சிபிக்கு மூன்று மாதம் விதிமுறைப் பயிற்சி வகுப்பு. கைத்துளைப்பான் கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பியது, இந்த முறை பூட்டோடு.

மோகனாவின் எலும்பு அழகாகக் கூடியது. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள், ஒரு வலியும் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. காந்திபுரம் பஸ் நிலையத்தில் நின்று பஸ் வருகிற நேரத்தை எழுதும் வேலை கொடுத்தார்கள். ஒருநாள் செண்பகவல்லி அந்தப் பக்கம் போனபோது அவளே கூப்பிட்டுப் பேசினாள்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? நான் நல்லாத்தான் இருக்கேனுங்க. ஒண்ணு மட்டும் கேக்கோணும். என்ற ஒடம்புல அப்படி என்னதானுங்க மாறிப்போச்சு? டிப்போல என்னைய மாறாட்டம்னு கூப்பிடறானுங்க. புள்ளைக்கும் இருக்குமான்னு வீட்டுக்காரர் கேக்கறாரு."

"உன் உடம்புல ஒண்ணுமே இல்ல மோகனா."

"அதை எழுதிக் குடுங்க மேடம், போதும்."

எழுதிக் கொடுக்கச் செண்பகவல்லிக்கு அதிகாரம் இல்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். வீடு வரும் வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். கனகசபாபதியை, சிபியை, யாரும் இறக்க மாட்டாங்க என்று பெரிய மனுஷி மாதிரி சொன்ன தன்னையும்.

பட்டியலில் பதினெட்டாவது பெயர் ஏறுமுன், ஏழு மாதம் கழித்து, கனகசபாபதி சைக்கிளிலிருந்து விழுந்தார். ஊரில் காசுள்ளவர்கள் எல்லோரும் அப்போது உடம்பைப் பிடிக்கிற வழவழ உடுப்பைப் போட்டுக்கொண்டு விடிகாலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வலது காறை எலும்பு, கழுத்துக்குப் பக்கமாக, இரண்டாக உடைந்தது.

காலை பத்து மணிக்கு அவரைத் தியேட்டருக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்தார்கள். கை, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. அவர் மற்றவர்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, செண்பகவல்லியையும் சிபியையும் மட்டும் இருக்கச் சொன்னார். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, எனக்கு அந்தப் பழசுலயே போட்ருங்க."

"எந்தப் பழசு சார்?"

"அதானுங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குமே."

"ஏன் சார், நேத்ரா?"

"இருக்கட்டும். சும்மா, ஒரு மனத்திருப்திக்குத்தான்."

செண்பகவல்லி அவர் முகத்தையே பார்த்தாள். கொஞ்சமாவது அசடு வழியுமென்று எதிர்பார்த்தாள், வழியவில்லை. "பழசுல போட்டா உங்க அட்டையில மாறுபாடுன்னு விழும் சார்."

"விழுந்துட்டுப் போகுது. நான் என்ன பஸ்ஸா ஓட்டப்போறேன்? எனக்கு டிரைவர் இருக்கான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். புண்படுத்த வேண்டுமென்றுகூடச் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை. ஆனால் நோயாளி நோயாளிதான். கைத்துளைப்பான்தான் அவருக்கும் சரி, அதை மறுக்க அவளுக்கு மனம் வராது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. சாவிக்குச் சொல்லி அனுப்ப அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"பழசுல போட முடியாது சார்" என்றான் சிபி.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கையில் ஒரு தாள் இருந்தது.

"உங்க எக்ஸ்ரேல எலும்பைப் பாத்ததுமே நேத்ரா பச்சை காட்டிருச்சு. பச்சையை மீறற டாக்டருக்கு உரிமம் ரத்து. போன மாசம் நீங்களே கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கை சார். நான் மூணு மாசம் வகுப்புல உக்காந்து விதியை எல்லாம் வரி வரியாப் படிச்சேன். பச்சையை நிறுத்த ஒரே ஒரு வழிதான் அதுல இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடியே தரக்குழுத் தலைவர், படத்தில் பிழைன்னு கையெழுத்துப் போடணும்."

"யோவ், நாந்தானய்யா தலைவரு. நானே சொல்றேன், பண்ணுங்க. யாருக்கும் தெரியாமப் பண்ணிக்கலாம்."

"மிஷின் தெரியப்படுத்திரும் சார். உங்களுக்கு விருப்பம் இல்லேன்னா நேத்ராலயே பண்ணிடலாம். பச்சைதான். நான் மிதிக்கிறேன்."

குரலில் நக்கல் இல்லை, கோபம் இல்லை. விதியை ஒப்பிக்கிற அதே பழைய சிபிதான். கனகசபாபதி சுவரிலிருந்த நேத்ராவின் விளம்பரப் படத்தைப் பார்த்தார். அதில் அந்த மனிதன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவருடைய வலது கை தொட்டிலுக்குள் ஒரு அங்குலம் எழும்பப் பார்த்தது. முகம் கோணி, கீழே வைத்துக்கொண்டார்.

"குடுய்யா" என்றார்.

வலது கை ஆகாததால் இடது கையால் போட்டார். கோழி கிளறியது போல் வந்தது. சிபி தாளை, அறை மூலையில் தயாராக நின்ற நேத்ராவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தான். 'கையொப்பம் மாறுபடுகிறது. ஏற்க இயலாது' என்றது நேத்ரா. இன்னொரு தாளில் போட்டார். மாறுபடுகிறது என்றது. அவர் முதல் தடவையாகக் கோபப்பட்டார். "அறிவு கெட்ட மிஷினு! நாந்தான்னு தெரியல? கை ஒடைஞ்சு கெடக்கறவன் வேற எப்படிடா போடுவான்?"

"அதேதான் சார்" என்றாள் செண்பகவல்லி. "கை உடைஞ்சவங்களைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

எழுதத் தெரியாத நோயாளிகளுக்காக அலமாரியில் ஒரு மைப் பெட்டி வைத்திருந்தார்கள். சிபி அதை எடுத்துவந்து திறந்து நீட்டினான். இரண்டு வெளிநாட்டுப் பட்டம் வாங்கிய கனகசபாபதி இடது பெருவிரலை மையில் அமுக்கித் தாளில் உருட்டினார். நேத்ரா ஏற்றுக்கொண்டது. பச்சை அணைந்தது. திரையில் பதினேழு பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்த மாறுபாடு என்ற சொல் அழிந்து, படத்தில் பிழை என்று விழுந்தது. கடைசிப் பெயர் மோகனப்பிரியா.

செண்பகவல்லி பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அவர் விரலைத் துடைத்துவிட்டாள். மை முழுசாகப் போகவில்லை. அவரைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபின், கை கழுவும் இடத்தில் சிபியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"டாக்டர், இத்தனை நாளா நான் உங்களைப் பத்தி..."

"தெரியும் மேடம்" என்றான் சிபி, நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டே. "முகமூடி போட்டிருந்தாலும் உதடு அசையறது தெரியும்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் எல்லோரையும் எடைபோட்டு வைத்திருந்தவள், பக்கத்தில் நின்றவனைத் தப்பாக எடைபோட்டிருக்கிறாள். உள்ளே போய், தன் இடத்தில், தலைமாட்டில் உட்கார்ந்தாள். கனகசபாபதியின் வலது கையை உடம்போடு ஒட்டி, தோள் இறங்கும்படி வைத்தாள். மூக்கில் மூடியைப் பொருத்தினாள்.

"நல்லா மூச்சு இழுங்க சார். ஒண்ணுலேருந்து பதினேழு வரைக்கும் எண்ணுங்க."

"பத்துதானே எண்ணச் சொல்லுவாங்க?"

"உங்களுக்குப் பதினேழு சார்."

அவர் எண்ணத் தொடங்கினார். ஐந்தில் குரல் இழுத்து, நின்றுவிட்டது. சிபி பழைய துளைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் சற்றுப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, ஆறிலிருந்து பதினேழு வரை, பட்டியலில் மீதியிருந்த பன்னிரண்டு பேரையும் பெயர் சொல்லி, வாய்விட்டு எண்ணி முடித்தாள்.